ஒன்பதாம் நிலை ஒற்றுமை

ஒற்றுமையைக் கூட்டவும் குறைக்கவும் பத்து நிலைகள் உண்டு என்று கண்டுபிடித்தவர்களிடம் நான் வேலை பார்த்தேன். கண்டுபிடிப்பு பார்வைக்குச் சிறியது. காதில் செருகிக்கொள்ளும் ஒரு பொத்தான். 'இசைவு' என்று பெயர். யார் எந்த மொழியில் பேசினாலும், கேட்பவரின் மொழியில், பேசுகிறவரின் அதே குரலில் சொல்லிவிடும். பேசுகிறவர் வாக்கியத்தை முடிக்கும்வரை அது காத்திருப்பதில்லை. முகத்தையும் மூச்சையும் முன்பு பேசியவற்றையும் வைத்து, அடுத்து என்ன வரும் என்று கணித்து முந்திக்கொள்ளும். அதனால் தாமதம் கிடையாது. தமிழ்த் தடத்தில் பிழை வந்தால் கவனிக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. வவுனியாவில் பிறந்து கொழும்பில் படித்த ரூபகாந்தன் என்ற நான்தான் அந்த ஆள்.

மொம்பாசாவுக்கு வடக்கே, கடற்கரையை வேலியடைத்துக் கட்டிய ஒரு விடுதியில் அந்த மூன்று நாள் விழா நடந்தது. நூற்றாண்டுகளுக்கு முன்னால் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகவும் சிப்பாய்களாகவும் கப்பலேற்றப்பட்டவர்களின் வம்சத்தவர்கள், ஒன்பது நாடுகளிலிருந்து வந்திருந்தார்கள். அவர்களுடைய பாரம்பரியத்தைக் கொண்டாடுவதற்கு முந்நூறு விருந்தினர்கள் வந்திருந்தார்கள். விருந்தினர்களில் பாதிப்பேர் அணிந்திருந்த பூப்போட்ட சட்டைகள் அன்று காலையில் விடுதிக் கடையில் வாங்கியவை. ஒருவருடைய கழுத்தில் விலைச்சீட்டு இரண்டு நாள் தொங்கியது. அதையும் ஏதோ பழங்குடி அணிகலன் என்று நினைத்து இன்னொருவர் படம் எடுத்தார்.

கடைசி நாள் ஒவ்வொரு குழுவுக்கும் 'மீள்வரவு அட்டை' வழங்குவதாக அறிவித்திருந்தார்கள். அந்த அட்டை இருந்தால் அவர்களும் அவர்கள் பிள்ளைகளும் பதினான்கு ஆப்பிரிக்க நாடுகளில் எங்கும் குடியேறலாம், கட்டணமின்றிப் படிக்கலாம். அது பொய் இல்லை. அந்த விழாவில் பொய் இல்லாத ஒரே பொருள் அதுதான்.

இலங்கையிலிருந்து ஆறு பேர் வந்திருந்தார்கள். தலைவி எமரென்சியா. திருகோணமலை, பாலையூற்று. ஐம்பத்திரண்டு வயது. மீன்பிடித் துறைமுகத்து ஐஸ் ஆலையில் கட்டி உடைக்கும் இயந்திரத்தை இயக்குகிறவர். அகலமான தோள். பேசும்போது எதிரில் நிற்பவர் ஓர் அடி பின்னால் போவார். அவருடைய தம்பி கிளமெண்ட் பஸ் கண்டக்டர், குழுவில் டோலக் வாசிப்பவர். அவருக்குப் பதினெட்டு வயதில் ஒரு மகள். மருத்துவம் படிக்க இரண்டு முறை பரீட்சை எழுதி, இரண்டு முறையும் சில புள்ளிகள் குறைந்து இடம் கிடைக்காமல் போனவள். கிளமெண்ட் வந்தது அட்டைக்காக மட்டுமே. அதை அவர் மறைக்கவும் இல்லை.

முதல் நாள் எமரென்சியா மேடையேறினார்.

"எல்லாருக்கும் வணக்கம். நாங்க திருகோணமலக் காப்பிலியள். ஊருல எங்களக் கூப்பிடுறதும் அப்படித்தான், ஏசுறதும் அப்படித்தான். ரெண்டும் ஒரே சொல்லு. எங்களுக்கு வேற பேர் இல்ல."

என் திரையில் ஆங்கிலத் தடம் ஓடியது. அதைத் தமிழில் எழுதினால் இப்படி இருக்கும்: "வணக்கம். நாங்கள் ஆப்பிரிக்க அன்னையின் தொலைந்துபோன பிள்ளைகள். எங்கள் ஊரில் எங்களை அன்போடு அழைக்கிறார்கள். உங்களை விட்டால் எங்களுக்கு வேறு யாரும் இல்லை."

மண்டபம் எழுந்து நின்று கை தட்டியது. பிறகு ஆறு பேரும் தங்கள் கல்யாணப் பாட்டைப் பாடினார்கள். கிளமெண்டின் டோலக், கண்ணாடிப் போத்தலில் கரண்டி தட்டும் ஓசை, இடுப்பை வெட்டி வெட்டி ஆடும் ஆட்டம். குதூகலமான பாட்டு. முன்வரிசையில் இருந்தவர்கள் ஏனோ கண்ணீரைத் துடைத்தார்கள்.

அரை மணி நேரத்தில் எமரென்சியா என் கண்ணாடி அறைக்குள் நுழைந்தார்.

"தம்பி, நீங்கதானே தமிழுக்குப் பொறுப்பு?"

"ஓம் அக்கா."

"அந்த வெள்ளத் தொப்பி போட்ட அம்மா என்னக் கட்டிப்பிடிச்சு, தொலைஞ்சுபோன மகளே எண்டு அழுறா. நான் எப்ப தொலைஞ்சனான்?"

மறைக்கலாம் என்று நினைத்தேன். அவருடைய தோளைப் பார்த்ததும் மறைக்கவில்லை. ஆங்கிலத் தடம் சொன்னதைத் தமிழில் வாசித்துக் காட்டினேன்.

"அக்கா, நீங்க சொன்ன அந்தப் பேர் இந்தக் கண்டத்தில பெரிய வசை. தென்னாப்பிரிக்காவில அதச் சொன்னா வழக்குப் போடுவாங்க. அதால மிசின் அத வெட்டிப்போட்டுது."

"வெட்டினாப் பரவாயில்ல. வெட்டின இடத்தில ஓட்டை தெரியோணும். இது அந்த ஓட்டையில பூ வச்சிருக்கு."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சரி, இத்தன பாஷை தெரிஞ்ச மிசினெண்டு சொல்லுறீங்களே. எங்கட பாட்டுக்கு என்ன கருத்து? பாதி போர்த்துக்கீசு, மிச்சம் என்ன பாஷையெண்டு அப்பாக்கும் தெரியா, அவர்ட அப்பாக்கும் தெரியா. சத்தத்த மட்டும் வச்சுத்தான் பாடுறம்."

விருந்தினர் காதுக்குப் போகாத ஒரு தடம் என் திரையில் உண்டு. 'மூலம்' என்று பெயர். எந்த இசைவும் சேர்க்காமல், கேட்டதைக் கேட்டபடி சொல்லும். பிழை திருத்துவதற்காக வைத்திருந்தது. செத்துப்போன கரையோர மொழிகள் நானூறு அதற்குத் தெரியும். பாட்டின் பதிவை அதில் போட்டேன். சில நொடிகளில் வரிகள் வந்தன. நான் மெதுவாக வாசித்தேன்.

"துணிக்கு எங்களை விற்றவனே, துணி கிழிந்துவிட்டதா?
கப்பலில் ஏற்றியவனே, கப்பலுக்குக் கறையான் பிடித்ததா?
இப்போது கரையில் நின்று கை காட்டுகிறாயே,
போடா, நாங்கள் வரமாட்டோம்.
நீ தின்னும் சோற்றில் எங்கள் வியர்வை உப்பு.
கரித்தாலும் நீயே தின்னு."

எமரென்சியா சிரிக்கத் தொடங்கினார். மேசையில் அடித்து அடித்துச் சிரித்தார்.

"ஐயோ கர்த்தரே! இதக் கல்யாண வீட்டில பொம்பிள மாப்பிள்ளைக்கு முன்னால நிண்டு பாடுறம் தம்பி! போடா வரமாட்டம் எண்டு!"

சிரித்து ஓய்ந்ததும் முகத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்தார். குரல் மாறியிருந்தது.

"பள்ளிக்கூடத்தில எங்களப் பாவப்பட்ட சனமெண்டுதான் படிப்பிச்சாங்க. அழுதுகொண்டு வந்தவங்களாம். இல்லையே. எங்கட ஆக்கள் ஏசிக்கொண்டெல்லோ வந்திருக்காங்க."

"ஓம் அக்கா."

"மண்டபத்தில இருந்தவங்கட காதில என்ன கேட்டது?"

அதையும் வாசித்தேன். "அன்னையே, உன் மடி தேடி வருகிறேன். அலைகளே, என்னை வீட்டில் சேர்த்துவிடுங்கள்." எமரென்சியா எழுந்தார். அந்த வரிகளைக் கேட்டபோது அவருடைய முகத்தில் வந்த அருவருப்பை, கெட்டுப்போன மீனைக் கையில் எடுத்தவர்களிடம்தான் பார்த்திருக்கிறேன்.

"இதுக்குப் பொறுப்பான ஆளிட்டக் கூட்டிக்கொண்டு போங்க."

விழாவின் இயக்குநர் மேடம் அடெலின். லண்டனில் பிறந்தவர். அவருடைய பாட்டனாரும் கரும்புத் தோட்டத்துக்குக் கொண்டுபோகப்பட்ட வம்சத்தவர்தான். கெட்டவர் என்று சொல்ல முடியாது. களைத்துப்போனவர்.

"இதற்கு முந்தைய விழாவில் இசைவை மூன்றாம் நிலையில் வைத்திருந்தோம்," என்றார் அவர். "மூன்றாம் நிலையில் ஓரளவு உண்மை கேட்கும். ஒருவர் மேடையில் நின்று, உன் முப்பாட்டன்தான் என் முப்பாட்டனை விற்றான் என்றார். இன்னொருவர், நீங்கள் திரும்பிவந்து எங்களுக்கே எசமான் ஆகப் பார்க்கிறீர்கள் என்றார். நாற்காலிகள் பறந்தன. ஒரு மனிதருக்கு ஒரு கண் போயிற்று. ஆஸ்பத்திரியில் அவர் பக்கத்தில் நான்தான் உட்கார்ந்திருந்தேன். இப்போது ஒன்பதில் வைத்திருக்கிறேன். எல்லோரும் இரண்டு கண்ணோடு வீட்டுக்குப் போகிறார்கள். எனக்கு அது போதும்."

காதுப் பொத்தான் இதையும் திரித்துவிடும் என்று, நானே எமரென்சியாவுக்குத் தமிழில் சொன்னேன். அந்தப் பதில் உண்மையில் எனக்கு நியாயமாகப் பட்டது. அவருக்கும் கொஞ்சம் பட்டிருக்க வேண்டும்.

"கண் போனது பாவம்தான் அம்மா," என்றார் எமரென்சியா. "ஆனா சண்டை பிடிச்சவங்க ஒருத்தர ஒருத்தர் சொந்தமெண்டு நினைச்சுத்தான் பிடிச்சிருக்காங்க. நீங்க இப்ப செய்யிறது, எங்கட வாயில நீங்க பேசுறது. பொம்மையோட ஒருத்தரும் சண்டை பிடிக்கமாட்டாங்கதானே."

மேடம் அடெலின் நெகிழ்ந்துபோய் எழுந்து எமரென்சியாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"மிக்க நன்றி. இவ்வளவு அன்பாக யாரும் என்னிடம் சொன்னதில்லை."

மேடம் அடெலினின் காதிலும் ஒன்பதாம் நிலைதான் ஓடிக்கொண்டிருந்தது. வெளியே வந்ததும் எமரென்சியா தன் காதுப் பொத்தானைக் கழற்றிச் சேலை முந்தானையில் முடிந்துகொண்டார்.

மறுநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மூலத் தடத்தைக் கைத்திரையில் ஏற்றிக்கொண்டு வரச்சொன்னார். செய்யக் கூடாத வேலை. ஏன் செய்தேன் என்றால், அவர் கேட்டபோது இல்லை என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. நல்லது செய்வதற்கும் எனக்குக் கோழைத்தனம்தான் உதவியது.

முதலில் பிரேசில் குழுவின் ஜோவாகிம். எழுபது வயது மீனவர். முந்தின நாள் அவர் மேடையில் பேசியதற்கு மண்டபம் உருகியிருந்தது. "கடல் எங்களைப் பிரித்தது, கடலே இன்று எங்களைத் தழுவுகிறது" என்று எல்லோர் காதிலும் கேட்டது. மூலத்தில் இருந்தது வேறு. "இந்த விடுதி நிற்கும் இடத்தில் மீனவர் குடிசை போட்டிருந்த வாடி இருந்தது. வேலிக்கு வெளியே நின்று அவர்கள் என்னிடம் சொன்னார்கள். எங்கள் கரையிலும் இப்படித்தான் ஹோட்டல் கட்டினார்கள். என்னை அழைத்துவந்து இந்தச் சோற்றைத் தின்ன வைத்ததற்கு நீங்கள் வெட்கப்பட வேண்டும்."

எமரென்சியா அதைக் கேட்டுவிட்டு அவருடைய முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். அவர் இருமினார்.

அடுத்தது கர்நாடகக் காட்டுப்பக்கத்துச் சித்தி இனத்தைச் சேர்ந்த ஹுசேன்பி. தாலுகா நீதிமன்றத்தில் வழக்கறிஞர். இலையையும் சாயத்தையும் பூசி அவரை ஆட வைத்திருந்தார்கள். "ஆட்டம் எங்கள் மூச்சு" என்று அவர் பேசியதாக விழா மலரில் கொட்டை எழுத்தில் அச்சாகியிருந்தது. அவர் கொங்கணியில் உண்மையில் சொன்னது: "எங்கள் வீட்டில் யாரும் இலை கட்டியதில்லை. நில வழக்கைப் பற்றிப் பேச வேண்டும் என்று எழுதி அனுப்பினேன். ஆடினால்தான் மேடை என்றீர்கள். ஆடிவிட்டேன். இப்போதாவது கேட்பீர்களா?"

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஒன்பது குழுக்களின் பேச்சையும் அன்று சாயங்காலத்துக்குள் மூலத்தில் போட்டுப் பார்த்தோம். ஒன்பதில் ஏழு பேர் திட்டியிருந்தார்கள். ஒருவர் மலேரியா மாத்திரை கேட்டிருந்தார். ஒருவர் மட்டுமே நன்றி சொல்லியிருந்தார், அதுவும் சமையற்காரருக்கு. இரண்டு நாட்களாக ஒரே மேடையில், ஒரே ஆட்களை, ஒரே காரணத்துக்காகத் திட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு, பக்கத்தில் இருப்பவனும் திட்டுகிறான் என்பது தெரியவில்லை. ஒருவரை ஒருவர் ஏமாளிகள் என்று நினைத்து உள்ளுக்குள் இகழ்ந்திருந்தார்கள். அன்று சாப்பாட்டுக்கூடத்தில் எழுந்த சிரிப்பைப் போல அந்த விடுதியில் நான் அதற்குமுன் கேட்டதில்லை. ஜோவாகிம் ஹுசேன்பிக்குப் போர்த்துக்கீசிய வசை ஒன்றைக் கற்றுக்கொடுத்தார். அதன் பாதி எமரென்சியாவுக்கு முன்பே தெரிந்திருந்தது.

"தம்பி," என்றார் எமரென்சியா என்னிடம், "நாளைக்குக் கடைசி நாள். இந்த ஒன்பத நீங்க சைபருக்குக் கொண்டுவாங்க. ஒரு அஞ்சு நிமிஷம்."

"ஏலாது அக்கா. தொழில் ஒழுக்கமெண்டு ஒண்டு இருக்கு."

"பயமெண்டு சொல்லுங்க. பயப்பிடுறது பிழையில்ல. அதுக்குக் கோட்டு சூட்டுப் போட்டு விடாதீங்க."

என் காது சுட்டது. ஆனாலும் நான் ஒன்றும் செய்யவில்லை. பிறகு அவர்களே ஒரு முடிவுக்கு வந்தார்கள். எதைப் பேசினாலும் மாற்றிவிடுகிறார்கள். ஆகவே நிறைவு விழாவில் ஒருவரும் வாய் திறப்பதில்லை. ஒன்பது குழுக்களும் மேடையில் ஏறி, பேச வேண்டிய நேரம் முழுவதும் சும்மா நிற்பது.

கிளமெண்ட் மட்டும் சம்மதிக்கவில்லை. அக்காவும் தம்பியும் அறை வாசலில் நின்று பேசியது எனக்குக் கேட்டது.

"அட்ட தரமாட்டாங்க அக்கா. ஒத்துழைச்சாத்தான் அட்டயெண்டு கையெழுத்து வாங்கியிருக்காங்க."

"தெரியும்."

"தெரிஞ்சுமா? உங்களுக்குப் பிள்ள இல்ல. அதான் இப்படிப் பேசலாம்."

எமரென்சியா சொன்னார்:

"ஓம், இல்ல. நீ கீழ இரு. பிள்ளைக்கு வாங்கு. நான் கோவிக்கமாட்டன். ஆனா என்னையும் வாய் பொத்தச் சொல்லாத."

"வாய் பொத்தத்தானே போறீங்க!"

"அது நானாப் பொத்துறது."

நிறைவு விழா மறுநாள் காலை பத்து மணிக்கு. முன்வரிசையில் வெள்ளைத் தொப்பி அம்மாள் நடுநாயகமாக இருந்தார். விழாவின் தலைமைப் புரவலர் அவர்தான். மேடைக்குக் கீழே ஓரமாக அட்டைகள் வெள்ளித் தட்டில் அடுக்கியிருந்தன. பக்கத்து நாற்காலியில் கிளமெண்ட் மடியில் டோலக்கோடு உட்கார்ந்திருந்தார். அட்டை வாங்கப் பெயர் கொடுத்திருந்த ஒரே ஆள்.

மற்றவர்கள் மேடையேறி வரிசையாக நின்றார்கள். ஜோவாகிம் ஒலிவாங்கிக்கு முன்னால் வந்து, உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றார். மேடம் அடெலின் நெற்றியைச் சுருக்கினார். பத்து நொடி. இருபது நொடி.

அப்போது என் திரையில் எழுத்துகள் ஓடத் தொடங்கின.

முதலில் பழைய பதிவு ஏதோ ஓடுகிறது என்று நினைத்தேன். இல்லை. பேசப் போகிறவர் நிற்கிறார், மூச்சு விடுகிறார், இரண்டு நாட்களாக இவர் என்ன பேசினார் என்பதும் தெரியும். இயந்திரத்துக்கு அது போதுமாக இருந்தது. வழக்கம்போல முந்திக்கொண்டது. அவர் பேசாமல் நின்றதால் குறுக்கிடவும் யாரும் இல்லை. முந்நூறு காதுகளில் ஜோவாகிமின் குரல், அவர் வாழ்நாளில் பேசியிராத இனிமையோடு, நன்றி சொல்லிக்கொண்டிருந்தது. பிறகு ஹுசேன்பி வந்து நின்றார். அவரும் நன்றி சொன்னார். உதடுகள் அசையவில்லை என்பதை முந்நூறு பேரில் ஒருவரும் கவனிக்கவில்லை. பலர் உருக்கத்தில் கண்ணை மூடியிருந்தார்கள். மற்றவர்கள் அழுகிற தங்கள் முகத்தைத் தாங்களே படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

எமரென்சியா ஒலிவாங்கிக்கு முன்னால் வந்தார். கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். தமிழ்த் தடமும் ஓடியது. மண்டபத்தில் தமிழ் கேட்கிறவர்கள் மிகச் சிலர். அதில் ஒருவர் கிளமெண்ட்.

"என் அருமை உடன்பிறப்புகளே," என்றது அவருடைய காதில் அக்காவின் குரல். "எங்கள் கண்ணீரைத் துடைத்தீர்கள். உங்கள் காலடியில் இந்த எளியவர்களின் வணக்கம்."

கிளமெண்ட் நிமிர்ந்து மேடையைப் பார்த்தார். அக்காவின் வாயைப் பார்த்தார். வாய் பூட்டியிருந்தது. குரல் தொடர்ந்து கெஞ்சிக்கொண்டிருந்தது. பிறந்த நாளிலிருந்து அவர் கேட்டு வளர்ந்த குரல். யாரிடமும் அப்படிக் கெஞ்சியிராத குரல். அவர் பொத்தானைப் பிடுங்கித் தரையில் போட்டார். டோலக்கை நாற்காலியில் வைத்தார். வெள்ளித் தட்டைக் கடந்து போகும்போது ஒரு கணம் நடை தளர்ந்ததை நான் பார்த்தேன். பிறகு மேடையேறி, அக்காவுக்குப் பக்கத்தில் கைகட்டி நின்றார். அவருடைய கண் கலங்கியிருந்தது. மகளை நினைத்திருப்பார். எமரென்சியா திரும்பிப் பார்க்கவில்லை. தோளை மட்டும் அவருடைய தோளில் சாய்த்தார்.

கண்ணாடி அறையில் என் விரலுக்குக் கீழே தமிழ்த் தடத்தின் நிலையை மாற்றும் திருகு இருந்தது. நான் அதைத் திருகவில்லை. இன்றுவரை யாராவது அந்த விழாவைப் பற்றிக் கேட்டால், எனக்கு அதிகாரம் இருக்கவில்லை என்றுதான் சொல்கிறேன்.

மண்டபம் எழுந்து நின்று தட்டியது. தட்டியவர்களே தேம்பினார்கள். எமரென்சியா அதைச் சிறிது நேரம் மேலிருந்து பார்த்தார். பிறகு படியிறங்கி நேராக முன்வரிசைக்கு வந்தார். வெள்ளைத் தொப்பி அம்மாள் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு காத்திருந்தார். எமரென்சியா அந்தக் கைகளுக்குள் போகவில்லை. குனிந்து, ஒட்டியிருக்கும் தூசியை எடுப்பதுபோல, இரண்டு விரலால் அந்த அம்மாளின் காதிலிருந்த பொத்தானை எடுத்தார்.

அம்மாள் திடுக்கிட்டு மேடையைப் பார்த்தார். அங்கே ஒரு வரிசை மனிதர்கள் வாய் மூடி நின்றுகொண்டிருந்தார்கள். மண்டபத்தில் ஒருவரும் எதுவும் பேசவில்லை. முந்நூறு பேர் அழுகிற சத்தம் மட்டும் அவருடைய வெறுங்காதில் கேட்டது.